சிகரெட்டைப் பற்றிப் பேசாமலே முடிந்த சிகரெட் வழக்கு: முதலீட்டுத் தகராறுகளில் அதிகார வரம்பும் ஏற்புடைமையும்

சிகரெட் பெட்டியில் கம்பெனியின் நிறமோ சின்னமோ இருக்கக்கூடாது, எல்லா பிராண்டும் ஒரே மாதிரி அழுக்குப் பழுப்புப் பெட்டியில், நோய்களைக் காட்டும் எச்சரிக்கைப் படங்களோடுதான் விற்கப்பட வேண்டும் என்று 2011இல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டது. எங்கள் வணிகச் சின்னத்தையே பறித்துவிட்டார்கள், இது எங்கள் முதலீட்டைப் பிடுங்கியதற்குச் சமம் என்று ஹாங்காங்கில் இருந்த ஃபிலிப் மாரிஸ் ஏஷியா நிறுவனம் ஆஸ்திரேலிய அரசின் மேல் வழக்குப் போட்டது. 2015 டிசம்பரில் மூன்று நடுவர்களும் ஒருமனதாக அந்த வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சட்டம் சரியா தவறா, நஷ்டஈடு உண்டா இல்லையா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே போகவில்லை.

இப்படி முதலீட்டு வழக்குகள் பல, அசல் விவகாரத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துபோகின்றன. அப்படி முடிவதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று அதிகார வரம்பு, மற்றது ஏற்புடைமை. சட்டம் படிப்பவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் நடுவர்களும் நீதிபதிகளும்கூட இதில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. கடைசி வார்த்தை யாருடையது என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அடிப்படை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனால் "இது எங்க லிமிட்ல வராது" என்று சொல்வார்கள் இல்லையா, அதுதான் அதிகார வரம்பு. புகாரில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதை விசாரிக்கும் அதிகாரம் அந்த ஸ்டேஷனுக்கு இல்லை. அதுவே "லிமிட் எங்களோடதுதான், ஆனா இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கீங்களே" என்றால் சங்கதி வேறு. ஸ்டேஷனுக்கு அதிகாரம் இருக்கிறது, நீங்கள் கொண்டுவந்த புகாரில்தான் ஒரு தடங்கல். இந்த இரண்டாவது வகைதான் ஏற்புடைமை. ஆட்சேபம் கிளப்புகிற தரப்பு எதைக் குறிவைக்கிறது, மன்றத்தையா அல்லது கோரிக்கையையா என்று கேட்டுப் பார்த்தால் போதும் என்று சிங்கப்பூர் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. போகப் போகத்தான் சிக்கல் தெரியும்.

முதலீட்டு வழக்குகளில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாகிறது? காரணம், அங்கே நிரந்தரமான நீதிமன்றம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் புதிதாக, பெரும்பாலும் மூன்று பேரைக் கொண்ட ஒரு நடுவர் மன்றம் அமைக்கப்படுகிறது, தீர்ப்புச் சொன்னதும் கலைந்துவிடுகிறது. அந்த மூன்று பேருக்கு ஓர் இறையாண்மையுள்ள நாட்டைக் கூண்டில் ஏற்றும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அந்த நாடு கொடுத்த சம்மதத்திலிருந்து மட்டும்தான். இரண்டு நாடுகள் கையெழுத்திடும் முதலீட்டு ஒப்பந்தத்தில் "உன் நாட்டு முதலீட்டாளருக்கும் எனக்கும் தகராறு வந்தால் அவர் என்னை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம், நான் வருகிறேன்" என்று ஒரு விதி இருக்கும். முன்பின் தெரியாத ஒரு முதலீட்டாளர் பல வருடங்கள் கழித்து அந்த விதியைக் காட்டி வழக்குப் போடலாம், அப்படிப் போடுவதே அவர் பக்கத்துச் சம்மதம் ஆகிவிடும்.

இந்த வழியில் வந்த முதல் வழக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மட்டக்களப்பிலிருந்து. ஹாங்காங் கம்பெனியான ஏஷியன் அக்ரிகல்சரல் ப்ராடக்ட்ஸ், அங்கே செரண்டிப் சீஃபுட்ஸ் என்ற இறால் பண்ணையில் பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி 28 அன்று இலங்கையின் சிறப்பு அதிரடிப் படை நடத்திய தாக்குதலில் பண்ணை அழிந்தது, ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனும் இலங்கையும் 1980இல் கையெழுத்திட்ட முதலீட்டு ஒப்பந்தம் அப்போது பிரிட்டன் வசமிருந்த ஹாங்காங்குக்கும் நீட்டிக்கப்பட்டிருந்ததால், அந்தக் கம்பெனி உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. அந்த மையத்தைச் சுருக்கமாக இக்சிட் என்பார்கள். அதுவரை அங்கே வந்த வழக்குகளில் நாட்டின் சம்மதம் ஏதாவது தனி ஒப்பந்தப் பத்திரத்திலோ உள்நாட்டுச் சட்டத்திலோ இருந்தது. நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு வந்த முதல் வழக்கு இதுதான். 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது. கம்பெனி கேட்டது 80 லட்சம் டாலருக்கு மேல், கிடைத்தது 4,60,000 டாலரும் வட்டியும்.

அதிகார வரம்பு என்றால் என்ன என்பதற்கு இந்த வழக்கைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பண்ணையில் செத்தவர்களின் குடும்பத்தார் யாரும் அந்த மன்றத்தில் போய் நின்றிருக்க முடியாது. அவர்கள் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இல்லை, அவ்வளவுதான். நடந்தது ஒரே சம்பவம், ஆனால் இறாலுக்கும் குளத்துக்கும் போட்ட பணத்தைப் பற்றி மட்டுமே பேச அந்த மூவருக்கு அதிகாரம் இருந்தது. கொலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர்களை யாரும் அமர்த்தவில்லை.

சரி, அதிகார வரம்பைச் சோதிக்கும்போது என்னவெல்லாம் பார்ப்பார்கள்? வழக்குப் போட்டவர் யார், ஒப்பந்தம் பாதுகாக்கும் நாட்டைச் சேர்ந்தவர்தானா என்பது ஒன்று. அவர் வைத்திருப்பது முதலீடுதானா என்பது இன்னொன்று. ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் நடந்த விவகாரமா என்றும் பார்ப்பார்கள். நாடு கொடுத்த சம்மதத்துக்குள் இந்த வகைத் தகராறு வருகிறதா என்பது எல்லாவற்றுக்கும் மேலே. இக்சிட்டுக்குப் போவதென்றால் இவற்றோடு கூடுதலாக இக்சிட் உடன்படிக்கையின் 25ஆம் பிரிவையும் தாண்ட வேண்டும். நாடும் முதலீட்டாளரின் நாடும் அதில் உறுப்பினர்களாக இருக்கவேண்டும், தகராறு நேரடியாக ஒரு முதலீட்டிலிருந்து எழுந்திருக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், முதலீடு என்றால் என்ன என்று அந்த உடன்படிக்கை எங்கேயும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதன் விலையை இன்னொரு இலங்கை வழக்கில் பார்க்கலாம். மிஹாலி என்ற அமெரிக்க நிறுவனம் இலங்கையில் ஓர் அனல்மின் நிலையம் கட்ட வந்தது. அரசு அதற்கு நோக்கக் கடிதம் கொடுத்தது, பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் இழுத்தது, கம்பெனி வக்கீல்களுக்கும் ஆலோசகர்களுக்கும் கடன் ஏற்பாட்டுக்கும் நிறையச் செலவு செய்தது, கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. அந்தச் செலவெல்லாம் முதலீடுதான் என்று மிஹாலி வாதிட்டது. 2002இல் நடுவர்கள் இல்லை என்றார்கள். அரசு கொடுத்த கடிதங்களிலேயே இவை யாரையும் கட்டுப்படுத்தாது என்று எழுதியிருந்தது, கட்டுப்படமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒரு நாட்டின் மேல், நீ ஒரு முதலீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டாய் என்று சுமத்த முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அப்புறம் இன்னொரு சிக்கலும் இருந்தது. மிஹாலிக்கு ஒரு கனடா கூட்டாளி இருந்தது, அதன் உரிமைகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது மிஹாலி. கனடா அப்போது இக்சிட்டில் உறுப்பினரே இல்லை. தன்னால் வரமுடியாத இடத்துக்கு இன்னொருவர் மூலமாக வரமுடியாது என்று நடுவர்கள் அதையும் வெட்டிவிட்டார்கள்.

அதே இலங்கைக்கு எதிராக 2012இல் டாய்ச்சே வங்கி ஜெயித்தது. இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தோடு எண்ணெய் விலை ஏற்ற இறக்கத்தை வைத்து 2008இல் போட்ட ஒரு நிதி ஒப்பந்தம் அது. கட்டடம் இல்லை, தொழிற்சாலை இல்லை, வெறும் காகிதம். எண்ணெய் விலை சரிந்ததும் பணம் கொடுக்கவேண்டாம் என்று மத்திய வங்கி நிறுத்தியது. இது முதலீடுதான் என்று மூவரில் இருவர் சொன்னார்கள், இல்லவே இல்லை என்று மூன்றாமவர் எதிர்த்து எழுதினார், இலங்கை சுமார் 6 கோடி டாலர் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. மின் நிலையத்துக்கு வருடக்கணக்கில் அலைந்தவர் முதலீட்டாளர் இல்லை, விலை ஏறுமா இறங்குமா என்று காகிதம் எழுதிய வங்கி முதலீட்டாளர். சட்டப்படி இரண்டுக்கும் விளக்கம் இருக்கிறது, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. ஆனாலும் படிக்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

லஞ்சம் கொடுத்து உள்ளே வந்த முதலீடு என்றால்? பல ஒப்பந்தங்கள் "நாட்டின் சட்டப்படி செய்யப்பட்ட முதலீடு" என்றுதான் பாதுகாப்புத் தருகின்றன. மெட்டல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகப் போட்ட வழக்கு 2013இல் இந்த ஒரே காரணத்துக்காக அதிகார வரம்பில்லை என்று தள்ளுபடியானது.

இப்போது ஏற்புடைமைக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் சுங்கத்துக்காக இறக்குமதிச் சரக்குகளைச் சோதித்துக் கொடுத்த சுவிஸ் நிறுவனம் எஸ்.ஜி.எஸ், தனக்குப் பணம் பாக்கி என்று அந்த நாட்டின் மேல் வழக்குப் போட்டது. நடுவர்கள் 2004இல் சொன்னது நல்ல பாடம். எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் உன் ஒப்பந்தப் பத்திரத்தில் தகராறு வந்தால் மக்காட்டி அல்லது மணிலா நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பாக்கி எவ்வளவு என்பது அங்கே முடிவாகட்டும், அதுவரை இந்தக் கோரிக்கை எடுக்கத் தக்கதல்ல. வழக்கைத் தள்ளவில்லை, நிறுத்தி வைத்தார்கள். அதிகார வரம்பு இல்லை என்றால் நிறுத்தி வைக்கவே முடியாது, மன்றம் அதோடு முடிந்தது. ஏற்புடைமைத் தடங்கல் சில சமயம் காலத்தால் தீரக்கூடியது.

எல்லாத் தடங்கலும் அப்படித் தீராது என்பதற்குத்தான் ஃபிலிப் மாரிஸ் கதை. சாதாரண சிகரெட் பெட்டித் திட்டத்தை ஆஸ்திரேலியா அறிவித்தது 2010 ஏப்ரல் 29 அன்று. அப்போது ஃபிலிப் மாரிஸின் ஆஸ்திரேலியக் கிளை சுவிட்சர்லாந்தில் இருந்த குழும நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் முதலீட்டு ஒப்பந்தம் கிடையாது. அமெரிக்காவோடு உள்ள வணிக ஒப்பந்தத்தில் முதலீட்டாளர் நாட்டின் மேல் வழக்குப் போடும் வழி இல்லை. ஆனால் ஹாங்காங்கோடு 1993இல் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 2011 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரேலியக் கிளையின் பங்குகள் ஹாங்காங்கில் இருந்த ஃபிலிப் மாரிஸ் ஏஷியாவுக்கு மாற்றப்பட்டன. ஜூனில் நோட்டீஸ் போனது. நவம்பர் 21 அன்று சட்டம் நிறைவேறிய அதே நாளில் வழக்கும் தொடுக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா பல ஆட்சேபங்களை வைத்தது. பங்கு மாறும் முன்பே தகராறு தொடங்கிவிட்டது, அதனால் உங்களுக்கு அதிகார வரம்பே இல்லை என்பது அதில் ஒன்று. இங்கேதான் நடுவர்கள் நுணுக்கமாக நடந்துகொண்டார்கள். சட்டப்படி தகராறு பிறப்பது சட்டம் நிறைவேறும்போதுதான், அந்த நேரத்தில் பங்கு ஹாங்காங் கம்பெனியிடம் இருந்தது, ஆக காலத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்றார்கள். ஆனால் பங்கு மாறிய நாளில் இப்படி ஒரு தகராறு வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. வரிக் காரணங்களும் நிர்வாகக் காரணங்களும் இருந்தன என்று கம்பெனி சொன்னதை நடுவர்கள் நம்பவில்லை, இந்த ஒப்பந்தத்தின் பாதுகாப்பைப் பெறுவதுதான் மாற்றத்துக்கு முதன்மையான நோக்கம் என்று முடிவு கட்டினார்கள். அது உரிமையைத் துஷ்பிரயோகம் செய்வது, ஆகவே கோரிக்கை ஏற்கத் தக்கதல்ல. கடைசியில் உத்தரவு எழுதும்போது கோரிக்கைகள் ஏற்புடையவை அல்ல, ஆகவே மன்றம் தன் அதிகாரத்தைச் செலுத்தத் தடை உண்டு என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டார்கள். இவ்வளவு பிரித்துப் பேசியவர்களே இப்படி என்றால் மாணவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்.

ஒரு கம்பெனி நல்ல ஒப்பந்தம் இருக்கிற நாடாகப் பார்த்து முதலிலேயே தன் குடும்ப மரத்தை அமைத்துக்கொண்டால் அதை யாரும் தவறு என்பதில்லை. தகராறு கண்ணுக்குத் தெரிந்த பிறகு இடம் மாறுவதுதான் தவறு. ஆனால் அதை எந்தப் பெயரில் தள்ளுவது? ஃபீனிக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி செக் குடியரசின் மேல் போட்ட வழக்கின் 2009 தீர்ப்பில், ஏற்கெனவே அரசோடு சண்டையில் இருந்த செக் கம்பெனிகளை வழக்குக்காகவே வாங்கியிருக்கிறாய், இது நல்லெண்ணத்தோடு செய்த முதலீடே இல்லை, ஆகவே எங்களுக்கு அதிகார வரம்பு இல்லை என்று அந்த நடுவர்கள் சொன்னார்கள். தந்திரம் ஏறக்குறைய ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு.

முடிவு ஒன்றாக இருந்தால் பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அர்ஜென்டினாவைப் பார்த்தால் தோன்றாது.

ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் 1991இல் ஒரு முதலீட்டு ஒப்பந்தம் போட்டன. அதில் ஒரு விதி: முதலீட்டாளர் முதலில் உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், 18 மாதத்தில் அங்கே தீர்ப்பு வராவிட்டால் அல்லது வந்தும் தகராறு தீராவிட்டால் நடுவர் மன்றத்துக்கு வரலாம். அர்ஜென்டினாவின் நீதிமன்றங்களில் இந்த மாதிரி வழக்கு 18 மாதத்தில் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் கம்பெனிகள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்தன. 2001-02இல் பொருளாதாரம் நொறுங்கியபோது ஒரு டாலருக்கு ஒரு பேசோ என்ற பழைய உறுதியை அரசு கைவிட்டது, டாலர் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டி வழக்குப் போட்டன, அதில் பல வழக்குகளில் இந்த 18 மாதக் கேள்வி எழுந்தது.

கம்பெனிகளிடம் ஒரு சாவி இருந்தது. வேறொரு நாட்டு முதலீட்டாளருக்கு நீ கொடுக்கும் சலுகையை எனக்கும் கொடுக்கவேண்டும் என்ற, "மிகவும் வேண்டப்பட்ட நாடு" விதி. மஃபெசினி என்ற அர்ஜென்டினக்காரர் ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட வழக்கில், 2000ஆம் ஆண்டில், முதன்முதலாக இந்தச் சாவி வேலை செய்தது. அவருடைய ஒப்பந்தத்திலும் 18 மாத விதி இருந்தது, ஸ்பெயின் சிலியோடு போட்ட ஒப்பந்தத்தில் இல்லை, ஆகவே எனக்கும் வேண்டாம் என்றார், நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இது அர்ஜென்டினாவுக்கே திரும்பி வந்தது. ஜெர்மன் ஒப்பந்தத்தின் கீழ் சீமென்ஸ் வந்தது, 2004இல் உள்ளே விட்டார்கள். அதே ஒப்பந்தம், அதே விதி, விண்டர்ஷால் வந்தது. இந்தியாவின் மூத்த வழக்கறிஞர் ஃபாலி நரிமன் தலைமையிலான மன்றம் 2008இல் முடியாது என்றது. 18 மாதம் என்பது அர்ஜென்டினா கொடுத்த சம்மதத்தின் ஒரு பகுதி, அந்தப் படியைத் தாண்டாதவருக்குச் சம்மதமே இல்லை, சம்மதம் இல்லாத இடத்தில் வேறு ஒப்பந்தத்திலிருந்து கடன் வாங்கவும் முடியாது என்று சொல்லி வழக்கை அதிகார வரம்பில் தள்ளிவிட்டது. 2011இல் ஹாக்டீஃப் வந்தது. இது மன்றத்தின் அதிகாரத்தைப் பற்றியதில்லை, கோரிக்கையை எப்படிக் கொண்டுவருவது என்ற ஏற்புடைமை விஷயம், ஆகவே அந்தச் சாவி செல்லும் என்று பெரும்பான்மை நடுவர்கள் உள்ளே விட்டார்கள். மறு வருடமே டைம்லர் வந்தது. மறுபடி அதிகார வரம்பு, மறுபடி கதவடைப்பு.

நான்கு ஜெர்மன் கம்பெனிகள், ஒரே விதி, இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. நடுவர் மன்றங்களுக்கு முன்தீர்ப்பு கட்டாயமில்லை, மேல்முறையீட்டு மன்றமும் இல்லை என்பதால் இது அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால் நரிமன் பக்கம்தான் வாசகத்துக்கு நெருக்கமானது. நாடுகள் பேரம் பேசி எழுதிய ஒரு படியை, அது தொல்லையாக இருக்கிறது என்பதற்காக வெறும் நடைமுறை என்று ஒதுக்கிவிடக்கூடாது. ஆனால் பலனில்லாமல் 18 மாதம் காத்திருந்துவிட்டு வா என்று சொல்வதில் என்ன நியாயம் என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் முழுத் திருப்தியான பதில் இல்லை.

இங்கிருந்து அடுத்த கேள்விக்கு வருவோம். நடுவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டால் யார் திருத்துவது? பி.ஜி குழுமம் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு பியூனஸ் அயர்ஸில் எரிவாயு விநியோகம் செய்யும் மெட்ரோகாஸ் நிறுவனத்தில் பங்கு இருந்தது. அதுவும் 18 மாதப் படியைத் தாண்டாமலேயே வழக்குப் போட்டது, இந்த முறை பிரிட்டன் ஒப்பந்தத்தின் கீழ். நெருக்கடி நேரத்தில் அர்ஜென்டினாவே நீதிமன்ற வழக்குகளைத் தற்காலிகமாக முடக்கி, வழக்குப் போட்ட கம்பெனிகளைக் கட்டண மறுபேச்சுவார்த்தையிலிருந்தும் விலக்கியிருந்தது. பிறகு எங்கள் நீதிமன்றத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க அதற்கு முகமில்லை என்பதுபோல நடுவர்கள் அந்த விதியைத் தளர்த்தி, 2007 டிசம்பரில் 18.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள்.

இது இக்சிட் வழக்கு இல்லை. சட்டப்படி இந்த நடுவர் மன்றத்தின் இருப்பிடம் வாஷிங்டன், எனவே அமெரிக்க நீதிமன்றத்தில் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க முடியும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் 7க்கு 2 என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது. 18 மாத விதி எப்போது நடுவரிடம் வரலாம் என்பதைச் சொல்கிறது, வரலாமா என்பதையே அல்ல, ஆகவே அதை எப்படிப் படிப்பது என்பது நடுவர்கள் வேலை, நீதிமன்றம் அதற்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று நீதிபதி பிரையர் எழுதினார். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எதிர்த்தார்: நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அர்ஜென்டினாவின் சம்மதமே பிறக்கிறது, சம்மதம் இருக்கிறதா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை. இருவரும் இந்த இரண்டு பெயர்களையும் இதே அர்த்தத்தில் வைத்துச் சண்டை போடவில்லை என்றாலும் சண்டை அதே சண்டைதான். அதிகார வரம்பு என்று பெயர் வைத்தால் நீதிமன்றம் முதலிலிருந்து புதிதாகப் பார்க்கும். ஏற்புடைமை என்றால் நடுவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும் பெரும்பாலும் அதுதான் முடிவு. 18.5 கோடி டாலர் அந்தப் பெயரின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபக்கம் ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவுக்கு எதிராக வைரச் சுரங்கக் குத்தகைக்காரர்கள் வாங்கிய தீர்ப்பைக் கீழ் நீதிமன்றம் ரத்து செய்தது சரிதான் என்று 2018இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் உள்நாட்டு வழிகளை முதலில் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, சம்மதமே அந்த நிபந்தனையோடுதான் கொடுக்கப்பட்டது, ஆகவே இது அதிகார வரம்பு என்று நீதிபதிகள் புதிதாகப் பார்த்து முடிவெடுத்தார்கள். இக்சிட் வழக்குகளில் உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு இந்த வேலையே இல்லை, ரத்து கேட்டால் அதன் உள்ளேயே அமைக்கப்படும் ஒரு குழுதான் பார்க்கும், அதுவும் இந்தக் கேள்வியில் நடுவர்கள் அதிகாரத்தை வெளிப்படையாக மீறினார்களா என்ற அளவுக்குத்தான்.

இன்னும் சில வித்தியாசங்கள் உண்டு. அதிகார வரம்பு இருந்ததா என்பதைப் பொதுவாக வழக்குத் தொடுத்த நாளை வைத்துப் பார்ப்பார்கள், யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் நடுவர்களே அதைச் சோதிக்கலாம். ஏற்புடைமைக் குறையை எதிர்த்தரப்பு கிளப்பாமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் விட்டதுதான். பின்னால் சரிசெய்யவும் இடமுண்டு. ஆனால் இதையும் கல்லில் எழுதிய விதியாக எடுத்துக்கொள்ளவேண்டாம். உருகுவேயின் மேல் ஃபிலிப் மாரிஸ் தொடுத்த தனி வழக்கிலும் ஒரு 18 மாத விதி இருந்தது, வழக்குத் தொடங்கிய பிறகு அந்தக் காலம் கழிந்ததே போதும் என்று 2013இல் நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே உள்ளே போன கம்பெனி 2016இல் அசல் விவகாரத்தில் தோற்றது, அது வேறு கதை.

நம் ஊர்ப் பக்கமும் இது வந்திருக்கிறது. ஒரகடம் கார் தொழிற்சாலைக்கு 2008இல் தமிழ்நாடு அரசு வாக்களித்த ஊக்கத்தொகை வரவில்லை என்று நிசான், ஜப்பான்-இந்தியா பொருளாதார ஒப்பந்தத்தைக் காட்டி இந்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. மாநில அரசு செய்ததற்கு மத்திய அரசு சர்வதேச அரங்கில் பதில் சொல்லவேண்டும் என்பது இதில் பலருக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் சர்வதேசச் சட்டத்தில் அது பழைய விதி. இது வரி விவகாரம், ஒப்பந்தத்துக்கு வெளியே என்றும், கால வரம்பு கடந்துவிட்டது என்றும் இந்தியா ஆட்சேபம் எழுப்பியது. 2019 ஏப்ரலில் நடுவர்கள் வழக்கைத் தொடர்ந்து நடத்த அனுமதித்தார்கள். 2020இல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அதனால் ஊக்கத்தொகையைப் பற்றி அந்த மன்றம் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

இந்த வழக்குக்கும் முன்பே வேறு வழக்குகளில் அடி வாங்கியதன் பலன்தான் இந்தியாவின் கறார். 2016இல் வந்த மாதிரி ஒப்பந்தத்தில் உள்நாட்டு வழிகளில் குறைந்தது 5 வருடம் முயன்ற பிறகே நடுவர் மன்றம் என்று எழுதப்பட்டது, மோசடியாலோ ஊழலாலோ செய்த முதலீட்டுக்கும் சட்ட நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்பவருக்கும் வழக்கே கிடையாது என்றும் அதில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2024இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த 5 வருடம் 3 வருடமாகக் குறைந்தது. நாளைக்கு ஒரு துபாய் கம்பெனி இந்த 3 வருடத்தைக் காத்திருக்காமல் வழக்குப் போட்டால் நடுவர்கள் எந்தப் பெயரைச் சொல்வார்கள்? எழுதியிருக்கும் தோரணையைப் பார்த்தால் அதிகார வரம்பு என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் சீமென்ஸையும் விண்டர்ஷாலையும் படித்த பிறகு இதில் பந்தயம் கட்ட நான் தயாரில்லை.